வரைபடம் பழசோ புதுசோ?



வீட்டில் யாழ்ப்பாண வீதி வரைபடம் இருந்தால் முதலில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 2011க்கு முந்தியது என்றால் சங்குப்பிட்டிப் பாலம் அதில் இருக்காது. அந்த ஆண்டு தை மாதத்தில்தான் பாலம் திறக்கப்பட்டது. அதன்பிறகு பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் போகும் ஏ-32 வீதி குடாநாட்டோடு நேரே இணைந்தது.

தீவகத்தில் பெயர்களே மாறி மாறி வந்தவை. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களை எங்கள் தீவுகளுக்குச் சூட்டினார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம், வேலணைத் தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். நல்லகாலம், அவை வாயில் நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும் ஆங்கில வரைபடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போகும் வீதிக்கு ஏபி-19 என்று இலக்கம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடல். அங்கே பாலமில்லை, வாகனத்தையும் ஏற்றும் ‘பாதை’ என்கிற மிதவைதான். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலை ஊடறுத்த வீதி உண்டு. அது குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிகிறது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான்.

கடலில் கீறியிருக்கும் புள்ளிக்கோட்டை வீதியென்று எண்ணிவிடாதீர்கள். புறப்படுமுன் படகு நேரத்தையும் காற்று நிலைமையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் புதிய பதிப்பிலும் அவை அச்சாகி வருவதில்லை.