12 பிள்ளைகள் பெற்ற பிரபு

பிரான்சு நாட்டின் வடக்கே நார்மண்டி என்று ஒரு பகுதி. அங்கே ஓட்வில் என்ற ஊரில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், டான்கிரெட் என்ற பிரபு இருந்தார். பிரபு என்றுதான் பெயர். நிலம் கொஞ்சம், பிள்ளைகளோ அதிகம்!

மூத்த மனைவி முரியெல்லாவுக்கு 5 ஆண் பிள்ளைகள். அவள் இறந்தபின் வந்த பிரெசெண்டாவுக்கு 7 ஆண் பிள்ளைகள். பெண்கள் தனி.

இருக்கிற நிலத்தை 12 பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? மூத்தவர்கள் வாளை எடுத்துக்கொண்டு, கூலிப் படை வீரர்களாகத் தென் இத்தாலிக்குப் போனார்கள். "இரும்புக் கை" வில்லியம் 1042-ல் அங்குள்ள நார்மன்களின் தலைவரானார்.

தந்திரக்காரர்

இளையாள் மகன் ராபர்ட் பின்னால் வந்தார். அண்ணன்மார் அவருக்கு நல்ல நிலம் எதுவும் கொடுக்கவில்லை. கலாப்ரியா மலைப்பக்கம் ஒரு கோட்டைதான் கிடைத்தது. மாடுகளைக் கொள்ளையடித்தார். ஆட்களைப் பிடித்து வைத்துப் பணம் பறித்தார். "தந்திரக்காரர்" என்று பட்டப்பெயர் வந்தது. சரித்திரக்காரர்கள் இதையும் புகழ்கிறார்கள். மாட்டைப் பறிகொடுத்த குடியானவனைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பான்!

1059-ல் போப்பாண்டவர் இரண்டாம் நிக்கோலஸ், ராபர்ட்டுக்கு டியூக் பட்டம் கொடுத்தார்.

பாகப்பிரிவினை

கடைக்குட்டி ரோஜருக்குக் கலாப்ரியாவில் பாதி தருவதாக ராபர்ட் வாக்களித்திருந்தார். தரவில்லை. 1062-ல் அண்ணனும் தம்பியும் சண்டையில் இறங்கினார்கள். அப்போது ஜெராச்சே என்ற ஊருக்குள் ராபர்ட் மாறுவேடத்தில் நுழைந்து, மக்களிடம் அகப்பட்டுக்கொண்டார். ஓடிவந்து மீட்டது யார்? பங்கு கிடைக்காத அதே தம்பிதான்! அதன் பிறகே ராபர்ட் வாக்கைக் காப்பாற்றினார்.

ஒரே போர்வை

அந்தக் குளிர்காலத்தில் ரோஜரும் இளம் மனைவி ஜூடித்தும் சிசிலித் தீவில், ட்ராய்னா என்ற மலை ஊரில் இருந்தார்கள். நார்மன் வீரர்கள் உள்ளூர்ப் பெண்களிடம் முறைகேடாக நடந்ததால் ஊரே எதிர்த்து எழுந்தது. 4 மாதம் முற்றுகை. உணவில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே ஒரு போர்வை! பசி தாளாமல் ஜூடித் அழுவாள்.

ஒரு நாள் இரவு, குளிருக்கு மது அருந்திய காவலர்கள் உறங்கிவிட்டார்கள். ரோஜர் பாய்ந்தார். ஊர் மீண்டது. பிறகு குதிரைகள் வாங்க அவர் இத்தாலிக்குப் போனபோது, கோட்டைக் காவலைக் கவனித்துக்கொண்டவள் ஜூடித்.

சிசிலி முழுவதும் வசமாக 1091 வரை ஆயிற்று. 1130-ல், கிறிஸ்துமஸ் நாளன்று, ரோஜரின் மகன் இரண்டாம் ரோஜர் பலெர்மோ நகரில் அரசராக முடி சூடினார். அவர் ரோஜரின் மூன்றாம் மனைவி அடிலெய்டின் மகன். ஜூடித் வெகு காலம் முன்பே இறந்துவிட்டாள்.