விட்பியில் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? முதலில் பாதையைப் பாருங்கள்

ஸ்காபரோவிலிருந்து கிழக்கே விட்பிக்கு வீடு வாங்கிப் போன நம்மவர்களில் பலர் ஊரில் சைக்கிளிலேயே வளர்ந்தவர்கள். எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே சைக்கிள்தான். அதே ஆட்கள் இங்கே, "இந்த றோட்டிலயா? ஐயோ, வேண்டாம்" என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் ஆபத்தைக் குறைக்கலாம்.

தலைக்கவசம் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கட்டாயம் போடுங்கள். ஒன்ராறியோவில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 1995 முதல் அது சட்டம். மின்சைக்கிள் என்றால் எந்த வயதுக்கும் சட்டம். ஆனால் தலைக்கவசம் வேலை செய்வது நீங்கள் விழுந்த பிறகு. விழாமல் இருப்பது பெரும்பாலும் நீங்கள் எந்த வீதியால் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? 2008, 2009 ஆண்டுகளில் ரொறன்ரோவிலும் வான்கூவரிலும் சைக்கிளில் காயப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 690 பேரைப் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கே ரெஷ்கி தலைமையிலான குழு விசாரித்தது. ஒருவர் காயப்பட்ட இடத்தையும், அன்று அவர் போன அதே பாதையில் எழுமாறாக (குலுக்கல் போட்டது மாதிரி) எடுத்த இன்னோர் இடத்தையும் ஒப்பிட்டார்கள். ஆளும் அதே ஆள், சைக்கிளும் அதே சைக்கிள், அன்றைய மழையும் அதே மழை. மாறியது இடம் மட்டும்.

2012இல் வெளியான முடிவு இது. ஓரத்தில் கார்கள் நிற்கும், சைக்கிளுக்கென்று எதுவும் செய்யாத பெருவீதியோடு ஒப்பிட்டால், தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் தடத்தில் ஆபத்து ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. வீடுகள் உள்ள சிறு வீதியில், சைக்கிள் தடமே இல்லாவிட்டாலும், ஏறத்தாழப் பாதி. இறக்கமும் வீதி வேலை நடக்கும் இடமும் ஆபத்தைக் கூட்டின.

சரி, விட்பியில் இதை வைத்து என்ன செய்வது? காரில் போகும் வழியையே சைக்கிளுக்கும் எடுக்காதீர்கள். ரோன்ரன் வீதி, திக்சன் வீதி போன்றவை வாகனங்கள் வேகமாக ஓடுவதற்கென்று அகலமாகப் போட்டவை. அவற்றுக்குப் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே, வளைந்து வளைந்து போகும் தெருக்கள் பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கலாம். எடுக்கட்டும்.

ஏரிக்கரைப் பாதை நல்லதுதான். லிண்ட் ஷோர்ஸ் இயற்கைக் காப்பிடம், விட்பித் துறைமுகம், திக்சன் காடு என்று அருமையான ஓட்டம். ஆனால் அதில் மரக்கறிக் கடைக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பாதை ஒன்று இருப்பதைக் காட்டி ஓர் ஊரைச் சைக்கிளுக்கு ஏற்ற ஊர் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

உண்மையான சோதனை 401 நெடுஞ்சாலை. கோ ரயில் நிலையம் அதற்குத் தெற்கே. பெரும்பாலான வீடுகள் வடக்கே. புரொக் வீதியால் போனால் நெடுஞ்சாலைக்கு ஏறி இறங்கும் கிளைவழிகளைக் கடக்க வேண்டும். நீங்கள் நேரே போகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் கார் வலது பக்கம் பிரிந்து, நெடுஞ்சாலை வேகத்தைப் பிடிக்க முடுக்குகிறது. சாரதியின் கண் முன்னால் உள்ள இடைவெளியில் இருக்கும், உங்களில் இருக்காது. முடிந்தால் கிளைவழி இல்லாத ஹென்றி வீதிப் பாலத்தால் போங்கள். புரொக் வீதிதான் என்றால், கிளைவழி தொடங்கும் இடத்தில் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, ஆகக் குறுகிய இடத்தில் குறுக்கே கடவுங்கள். இறங்கி உருட்டிக்கொண்டு போவதில் வெட்கம் இல்லை.

நடைபாதையில் ஓட்டினால் பாதுகாப்புத்தானே? அப்படித்தான் தோன்றும். ஆனால் வீட்டு வாசல்களும் பிளாசா வாசல்களும் நடைபாதையைத்தான் வெட்டிப் போகின்றன. இங்கே சிவப்பு விளக்கிலும், நின்று பார்த்துவிட்டு, வலது பக்கம் திரும்பலாம். திரும்பப் போகும் சாரதி தன் இடது பக்கத்தை, வாகனம் வரும் திசையை, பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் அவருடைய வலது பக்கத்திலிருந்து, நடக்கும் வேகத்தைப் போல மூன்று மடங்கில் வந்தால், அவர் உங்களைக் காண்பது மோதிய பிறகுதான். நடைபாதையில் யார் ஓட்டலாம் என்பதை அந்தந்த நகரசபை விதிதான் தீர்மானிக்கிறது. ரொறன்ரோவில் 14 வயதும் அதற்கு மேலும் என்றால் கூடாது. பாதசாரிக் கடவையில் சைக்கிளில் ஏறியபடி கடப்பதை மாகாணச் சட்டமே தடுக்கிறது. கடவைக் கோட்டின் ஓரமாக வெள்ளைச் சதுரங்கள் வரிசையாகப் போட்டிருந்தால் மட்டும் ஓட்டிக்கொண்டே கடக்கலாம்.

ஊர்ப் பழக்கத்தில் இடது பக்கம் போகாதீர்கள். எதிரே வரும் வாகனத்தைக் கண்ணால் காணலாம் என்று சிலர் அதைப் பாதுகாப்பு என்றே நினைக்கிறார்கள். சந்தியில் மேலே சொன்ன அதே கதைதான் நடக்கும்.

வீதியின் விளிம்போடு ஒட்டி ஓட்டவும் தேவையில்லை. வலது ஓரமாகப் போ என்று சட்டம் சொன்னாலும், அது பாதுகாப்பாக இருக்கும் அளவுக்குத்தான். குழியும் வடிகால் மூடியும் இருக்கும் இடத்தில் ஒரு மீட்டர் உள்ளே வாருங்கள். ஒரு காரும் சைக்கிளும் பக்கத்தில் போக இடம் இல்லாத ஒடுக்கமான இடத்தில் தடத்தின் நடுவையே எடுக்கலாம். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். 2015 செப்டெம்பர் முதல், முந்தும் கார் இயன்றவரை ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் சட்டம்.

நிறுத்திய கார்களின் கதவுதான் அடுத்த வில்லங்கம். ஒரு கதவின் அகலத்துக்கு விலகி ஓட்டுங்கள். நீங்கள் கார் ஓட்டுபவராக இருக்கும்போது வலது கையால் கதவைத் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் தெரிவார். பார்க்காமல் திறந்து ஒருவரை விழுத்தினால் 300 முதல் 1,000 டொலர் வரை தண்டமும் 3 குறைப் புள்ளிகளும் (சாரதிப் பத்திரத்தில் பதியும் தண்டனைப் புள்ளி) உண்டு.

விளக்கு எப்போது போட வேண்டும்? பொழுது படுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே. டிசம்பர் நடுவில் இங்கே மாலை 4.40 அளவில் பொழுது படுகிறது. ஆகவே நாலே கால் ஆகுமுன்பே முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. பெல்லும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தும் கார் மோதிவிட்டால்? பொலிஸைக் கூப்பிடுங்கள், வாகன இலக்கத்தைப் படம் எடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: உங்களிடம் கார்க் காப்புறுதி இருந்தால், நீங்கள் சைக்கிளில் போயிருந்தாலும், மருத்துவ, புனர்வாழ்வுச் செலவை அதிலேயே கோரலாம். இல்லையென்றால் மோதிய வாகனத்தின் காப்புறுதியிடம் கோரலாம். 7 நாட்களுக்குள் அறிவித்துவிடுங்கள்.

உங்கள் பாதுகாப்பில் ஒரு பங்கு உங்கள் கையில் இல்லை. தடத்தைப் போட வேண்டியது அரசு. ஒன்ராறியோ அரசு 2024 இறுதியில் கொண்டுவந்த சட்டம், ரொறன்ரோவின் புளோர், யங், யுனிவர்சிற்றி வீதிகளின் சைக்கிள் தடங்களை அகற்ற வழி செய்தது. அகற்றினால் உயிர் ஆபத்து கூடும் என்று 2025 ஜூலையில் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. மேலே சொன்ன ஒன்பதில் ஒரு பங்கு என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு ஒருவர் தடத்தைக் கிளப்பச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரோன்ரன், திக்சன், விக்ரோறியா போன்ற பெருவீதிகள் டர்ஹம் பிராந்திய அரசின் பொறுப்பு; வீட்டுத் தெருக்கள் விட்பி நகரசபையின் பொறுப்பு. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகப் பயப்படும் சந்தி எது என்று பார்த்து, அது யாருடையதோ அவர்களுடைய கவுன்சிலருக்கு வீதிப் பெயரோடும் படத்தோடும் எழுதுங்கள்.