மணலைக் கல்லாக்கும் பாக்டீரியா

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரம், கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டிப் பாலாற்று முகத்துவாரம் வரை, பெரும்பாலும் மணல். மணிமேல் மணி உட்கார்ந்திருக்குமே தவிர, ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. காற்று அதை நகர்த்துகிறது, அலை அரிக்கிறது. நீர் ஊறிய தளர்ந்த மணலை நிலநடுக்கம் உலுக்கினால் இன்னும் ஆபத்து: இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறி, மண் சற்று நேரம் குழம்பாக இளகிவிடும். மேலே நிற்கும் கட்டடம் சாயும். 2002இல் திருத்திய இந்தியத் தரநிலை, சென்னையை நிலநடுக்க மண்டலம் 2இலிருந்து 3க்கு மாற்றியது.

இந்தக் கரையில் மணலைப் பிடித்து நிறுத்தச் சவுக்கு நட்டார்கள். மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். இரண்டும் மணலின் தன்மையை மாற்றுவதில்லை. பாக்டீரியா மாற்றுகிறது.

அதன் பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்ச்சுரி. மண்ணில் இயல்பாக வாழும் இந்த நுண்ணுயிர் யூரியேஸ் என்னும் நொதியை ஏராளமாக உருவாக்குகிறது. வயலுக்குப் போடும் அதே யூரியாவைக் கொடுத்தால், நொதி அதை அம்மோனியமாகவும் கார்பனேட்டாகவும் உடைக்கிறது. கூடவே கால்சியம் குளோரைடு கரைசலையும் செலுத்தினால், கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்து கால்சைட் படிகமாகின்றன. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம் இதுதான். மணிகள் தொடும் இடங்களில் படிகம் படிந்தாலே பிணைப்புக்குப் போதும். சிமென்ட் பாலை ஊற்றியதுபோல இடைவெளியெல்லாம் அடைபடுவதில்லை. நீர் ஓரளவு ஊடுருவிக்கொண்டே இருக்கும்.

எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது. பாக்டீரியாவே ஓரிரு மைக்ரான் அளவு; அது புகுந்துபோக வழி வேண்டும். கரையோர மணலில் வழி உண்டு, உள்நாட்டு ஏரிகளின் களிமண்ணில் கிடையாது.

சோதனைக் குழாயில் எளிதாக நடப்பது களத்தில் அடம்பிடிக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட பெரிய சோதனையில், 100 கன மீட்டர் மணலில் சுமார் 40 கன மீட்டர் கெட்டிப்பட்டது. ஆனால் வலிமை ஒரே சீராக இல்லை. கரைசல் ஓடிய பாதையில் கல், ஓடாத மூலையில் வெறும் மணல். அஸ்திவாரத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வு பெரிய குறை. இந்தியாவில் இதே பாக்டீரியாவைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் வேறு வேலைக்கு இழுத்தன: நிலவு மண்ணைப் போலத் தயாரித்த பொடியோடு யூரியாவும் கொத்தவரைப் பிசினும் சேர்த்துச் செங்கல் ஆக்கும் ஆய்வு 2020இல் வெளியானது.

உண்மையான முட்டுக்கட்டை அம்மோனியம். 100 கிலோ கால்சைட் உருவானால் 36 கிலோ அம்மோனியம் மிஞ்சும். மண்ணில் அது நைட்ரேட்டாக மாறி, நிலத்தடி நீரில் கலக்கும். திருவான்மியூர் முதல் கோவளம் வரையிலான கரை மணலில், கடலின் உப்புநீருக்கு மேலே மழைநீர்தான் நன்னீராகத் தங்கி நிற்கிறது. கிணறும் போரும் நம்பியிருப்பது அதைத்தான். அங்கே மணலைக் கல்லாக்குவதென்றால், கழிவு நீரை உறிஞ்சி வெளியே எடுத்துச் சுத்திகரிக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

உயிருள்ள பாக்டீரியாவை விட்டுவிட்டு நொதியை மட்டும் செலுத்துவது மாற்று வழி. ஜேம்ஸ் சம்னர் 1926இல் ஜாக் பீன் என்னும் அவரை வகையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சோயா, தர்பூசணி விதைகளிலும் இந்த நொதி உண்டு. கரைந்த நொதி பாக்டீரியாவால் நுழைய முடியாத நுண்ணிய மண்ணிலும் புகும். அம்மோனியம் மட்டும் அப்போதும் மிஞ்சும்.