பிள்ளைகளின் ஆங்கிலம்: 'டீ'யோடு எந்த வினைச்சொல் சேரும்?



சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு மாணவி தாயாரோடு எங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் 'என் அம்மா' என்ற தலைப்பில் எழுதிய ஆங்கிலக் கட்டுரை. கொழுந்து எடுக்கிற தன் தாயைப் பற்றி அவர் 'மை மதர் டேக்ஸ் டீ எவ்ரி டே' என்று எழுதியிருந்தார். 'எடு' என்றால் 'டேக்' என்றுதானே அகராதியில் இருக்கிறது! எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அதை வாசிக்கிற ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வது, "என் அம்மா தினமும் டீ குடிக்கிறார்" என்பதைத்தான்.

இதைத் தாயாருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "ஒரு நாளாவது அப்படி உக்காந்து குடிச்சா நல்லாத்தான் இருக்கும் ஐயா" என்றார். நாங்களும் சிரித்தோம். ஆனாலும் மனதில் ஒரு உறுத்தல். காலையில் பிரட்டுக்குப் போய், மழையிலும் வெயிலிலும் மலை ஏறி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற ஒரு தாயின் உழைப்பு முழுவதும் ஒரேயொரு வினைச்சொல் மாறியதால் கட்டுரையில் காணாமற்போய்விட்டது. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம். நாங்கள் பண்டிதர்கள் அல்ல. விளங்கிய அளவில் சொல்கிறோம்.

ஏன் இந்தச் சிக்கல்?

தமிழில் நமக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மலையில் நிற்பது தேயிலைச் செடி. கிள்ளி எடுப்பது கொழுந்து. ஸ்டோரிலிருந்து வருவது தேயிலைத் தூள். கோப்பையில் இருப்பது தேத்தண்ணி. ஆங்கிலத்திலோ இந்த நான்குக்கும் 'டீ' என்ற ஒரே சொல் போதும். அப்படியென்றால் எந்த 'டீ' என்று எப்படித் தெரியும்? கூட வருகிற வினைச்சொல்லை வைத்துத்தான். வினை மாறினால் பொருளும் மாறிவிடும்.

நம்முடைய தொழிலின் வரலாற்றையே எடுத்துக்கொண்டு, வினைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நடுதல்: 1839ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து அசாம் தேயிலை விதைகள் நம்முடைய பேராதனைப் பூங்காவுக்குத்தான் வந்து சேர்ந்தன. பிறகு 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இதற்கு 'பிளாண்ட் டீ' என்பார்கள். பொதுவாகத் தேயிலை பயிர்செய்கிறார்கள் என்று சொல்ல 'குரோ டீ'.

கவ்வாத்து வெட்டுதல்: 'வெட்டு' என்பதால் பிள்ளைகள் 'கட் டீ' என்று எழுதுவார்கள். இதற்குரிய சொல் 'புரூன்'. செடி மீண்டும் நன்றாகத் துளிர்க்க வேண்டும் என்பதற்காக அளவு பார்த்து வெட்டுவது என்ற பொருள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கொழுந்து எடுத்தல்: இதற்கு 'பிளக் டீ'. 'பிக்' என்றாலும் பிழையில்லை. ஆனால் தோட்டத் தொழிலில் வழங்குவது 'பிளக்'தான். 'டேக்' மட்டும் வரவே கூடாது.

ஸ்டோர் வேலை: டெய்லர் ஆரம்பத்தில் தன் பங்களா விறாந்தையில்தான் கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டுக் காய வைத்தார். அது 'மேக் டீ', அதாவது தேயிலை தயாரித்தல். இன்றைக்கும் தயாரித்து முடித்த தூளை 'மேட் டீ' என்றுதான் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ 'மேட் டீ' கிடைக்கும்.

ருசி பார்த்தல்: 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. ஏலத்துக்கு முன் ருசி பார்த்துத் தரம் சொல்வது 'டேஸ்ட் டீ'.

இனி வீட்டு அடுப்படிக்கு வருவோம்

நாம் 'தேத்தண்ணி ஊத்து' என்கிறோம். தமிழ்நாட்டில் 'டீ போடு' என்பார்கள். இரண்டையும் சொல்லுக்குச் சொல் மாற்றி 'போர் டீ' என்றோ 'புட் டீ' என்றோ எழுதினால் சரிவராது. தேத்தண்ணி தயாரிப்பதும் ஆங்கிலத்தில் 'மேக் டீ'தான். 'போர் டீ' என்றால், தயாராக இருக்கிற டீயைக் கோப்பையில் ஊற்றுவது மட்டும். வந்தவர்களுக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுவது 'சேர்வ் டீ'. கண்டிப் பக்கத்து ஹோட்டல்களில் வேலை தேடுகிற நம் பிள்ளைகளுக்கு இந்த மூன்றின் வித்தியாசமும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

குடிப்பதிலும் வித்தியாசம் உண்டு. 'டூ யூ டிரிங்க் டீ?' என்றால், டீ குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்பது. 'வில் யூ ஹேவ் டீ?' என்றால், இப்போது ஒரு டீ குடிக்கிறீர்களா என்று உபசரிப்பது. விருந்தாளியிடம் கேட்க இதுதான் மரியாதை. 'டேக் டீ' என்பதும் குடிப்பதையே குறிக்கும்; கொஞ்சம் பழைய பாணி. நம் மாணவி மாட்டிக்கொண்டது இதில்தான்.

ஆங்கிலம்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 'பேர் போட்டாச்சு', 'அரைப்பேர்தான் விழுந்துச்சு' என்று நாம் சொல்வதை அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் விளங்கிக்கொள்வாரா? அந்தக் காலத்தில் சின்னத்துரைமார் நம்முடைய பேச்சைப் படிப்பதற்கென்றே 'இங்கே வா' என்ற பெயரில் ஒரு கைநூல் இருந்தது. வேலை வாங்க அவர்கள் நம் சொற்களை இணைத்து இணைத்துப் படித்தார்கள். நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து பேச அவர்களுடைய சொற்களை அதே மாதிரி படிக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் தொழிலை உங்களைவிடத் தெரிந்தவர் யார்? நடுவது முதல் நிறுப்பது வரை ஒவ்வொரு வேலையையும் பிள்ளைகளுக்கு விவரமாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன வினை என்று பிள்ளை தேடி எழுதட்டும். சொல்லைத் தனியாகப் பாடமாக்காமல், 'பிளக் டீ', 'மேக் டீ' என்று சோடியாகவே கொப்பியில் எழுதுவது நல்லது. வசதிப்பட்டால் ஹந்தானைக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். அங்கே பழைய தொழிற்சாலை ஒன்றில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து இயந்திரங்களை நேரில் பார்க்கலாம்.

அந்த மாணவி எங்கள் மேசையிலேயே வாக்கியத்தைத் திருத்தினார்: 'மை மதர் பிளக்ஸ் டீ எவ்ரி டே.' பிறகு தாயின் பக்கம் திரும்பி, அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "ஆமா, இப்பதான் அது நான்" என்றார் அந்தத் தாய்.