பெட்டிக்கு அடியில் இருக்கும் போகி

ரயில் விபத்துச் செய்தியில் ‘ஏழு போகிகள் தடம் புரண்டன’ என்று படிக்கிறோம். நடைமேடையிலும் ‘உங்களுக்கு எந்த போகி?’ என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் சொல்வது ஆட்கள் உட்காரும் பெட்டியை. ரயில்வே பணிமனையில் இதே சொல்லைச் சொன்னால் அங்கிருப்பவர்கள் பெட்டிக்கு அடியில் குனிவார்கள். இரண்டு அச்சு, நான்கு சக்கரம், அவற்றைப் பிடித்திருக்கும் எஃகுச் சட்டம், சுருள்வில்கள், பிரேக் எல்லாம் சேர்ந்த தொகுதிக்குத்தான் அங்கே போகி என்று பெயர். பெட்டியின் இரு முனைகளுக்கும் அருகே ஒவ்வொன்று.

மக்கள் வழக்கைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். அது இந்தியா முழுக்க வேரூன்றியது. ஆனால் அந்த வழக்கில் ஓர் அருமையான இயந்திரம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

‘போகி’ என்பது வட இங்கிலாந்தில் தாழ்வான சுமைவண்டிக்கு வழங்கிய பெயர். திரும்பக்கூடிய இந்தச் சக்கரச் சட்டத்துக்கு அங்கே வில்லியம் சாப்மன் 1812-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் வளைவான பாதைகளுக்காக ஜான் ஜெர்விஸ் 1832-இல் அதை ஓர் எஞ்சினின் முன்பக்கம் பொருத்தினார். அமெரிக்கர்கள் இன்றும் இதை ‘ட்ரக்’ என்கிறார்கள்.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) வடிவமைப்புப் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்கு மேல். இரு முனையிலும் அசையாத அச்சுகளை வைத்தால் வளைவில் சக்கரங்கள் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டும். போகியிலோ அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர்கூட இல்லை. பெட்டி நேராக நிற்க, அது அடியில் தானாகத் திரும்பிக்கொள்கிறது. மேடுபள்ளத்திலும் ஓர் உதவி: ஓர் அச்சு ஏறி இறங்கினால், போகியின் நடுப்பகுதி அதில் பாதி உயரமே அசையும்.

சக்கரத்தின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரு சக்கரங்களும் அச்சில் இறுக்கப்பட்டு ஒன்றாகவே சுழல்கின்றன. வளைவிலோ வெளித்தண்டவாளம் நீளம் கூடியது. எப்படிச் சமாளிப்பது? சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இல்லை. உள்பக்கம் பருத்து வெளிப்பக்கம் மெலிந்து, 20-க்கு 1 என்ற அளவில் சரிந்திருக்கிறது. வளைவில் அச்சு சற்றே வெளிப்பக்கம் நகரும். வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும் உட்சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருளும். மென்மையான வளைவுகளுக்கு இதுவே போதும். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புச்சுவர் கடைசிப் பாதுகாப்பு.

ஆனால் வேகம் கூடக்கூட அதே சரிவு தொல்லையாகிறது. அச்சு இடப்பக்கம் விலகி, திருத்திக்கொண்டு வலப்பக்கம் அதிகம் போய், மறுபடி இடப்பக்கம் என்று பாம்பாய் நெளிகிறது. மணிக்கு 160 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்த எல்.எச்.பி. வகைப் பெட்டிகளின் போகிகளில் இந்த நெளிவை அடக்கவே தனி அதிர்வுத் தணிப்பான்கள் உண்டு.

ஐ.சி.எஃப். போகியில் பெட்டியின் எடை, போகி திரும்புவதற்கான நடு முளையில் இறங்குவதில்லை. இருபக்கமும் எண்ணெயில் அமர்ந்த தாங்கிகளில் இறங்கி, சுருள்வில்கள் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. இழுவிசையையும் பிரேக் விசையையும் கடத்துவதுதான் முளையின் வேலை. வந்தே பாரத் ரயிலின் போகியில் சுருள்வில்லோடு காற்றடைத்த வில்லும் சேர்ந்திருக்கிறது. பல போகிகளில் மோட்டாரும் இருப்பதால் தனி எஞ்சின் தேவையில்லை.

பெட்டியின் நடுவில் இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். போகிக்கு நேர்மேலே உள்ள இருக்கைகளைவிட அங்கே அதிர்வும் சத்தமும் குறைவு.