நாலு வழிச் சாலையும் நம் வீட்டு வாசலும்

"ரோடு அகலமானா நல்லதுதானே, இதிலே நீ எழுத என்ன இருக்கு?" என்று கேட்டார் என்னவர். நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் எனக்குப் பிறந்த வீடு திண்டிவனம், புகுந்த வீடு விழுப்புரம். நடுவிலே நாற்பது கிலோ மீட்டர்கூட இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும், நல்லது கெட்டதுக்கும் போய் வந்து கொண்டிருக்கிறேன். அதனால் இந்த ரோட்டின் ஜாதகமே எனக்கு அத்துப்படி. அது கொடுத்ததையும் எடுத்துக் கொண்டதையும் பெண்கள் பக்கத்திலிருந்து சொல்லலாமென்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கல்யாணமான புதிதில் அது வெறும் ஜி.எஸ்.டி. ரோடு. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி போகிற அகலம். இரண்டு பக்கமும் புளியமரம். ஒரு கரும்பு லாரி முன்னால் போனால் போதும், பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்து வரும். முதலில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை நாலு வழியாக்கினார்கள். பிறகு திண்டிவனத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை, சுமார் 73 கிலோ மீட்டர். 2006-ல் பிடித்த வேலை 2009-ல் முடிந்தது. அந்த மூன்று வருஷமும் ஜன்னலைத் திறந்தால் புழுதி. கொடியில் காய்ந்த துணியை மறுபடி அலச வேண்டியிருக்கும்.

ரோடு வந்தது, புளியமரங்கள் போயின. நெடுஞ்சாலைத் துறை அந்தப் புளியை வருஷா வருஷம் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர்கள் மரத்தை உலுக்கினால், எங்கள் பக்கத்துப் பெண்கள் கூலிக்குப் பொறுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கித் தருவார்கள். மாசி, பங்குனியில் கைக்கு நாலு காசு வரும் வேலை அது.

கொடுத்தது என்ன?

அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010-ல் முண்டியம்பாக்கத்தில், ரோட்டை ஒட்டியே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. வலி எடுத்த பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக் கொண்டு ஓடிய காலத்தை என் மாமியார் கதையாகச் சொல்லுவார். இப்போது அதே ஊரிலிருந்து பிரசவத்துக்கு ஆம்புலன்ஸில் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்து விடுகிறார்கள். திண்டிவனம் - புதுச்சேரி சாலையும் நாலு வழியான பிறகு, ஜிப்மருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களின் அலைச்சல் பாதியாகி விட்டது.

கோடை வந்தால் திண்டிவனம் பக்கம் ரோட்டோரத்தில் தர்பூசணிக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குடை பிடித்துக் கொண்டு வியாபாரம் பண்ணுவது பெரும்பாலும் பெண்கள்தான். ரோடு அவர்களுக்கும் சோறு போடுகிறது.

வீடு மேற்கே, வேலை கிழக்கே

சங்கடம் எங்கே என்று கேட்டால், குறுக்கே போவதில்தான். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவருக்கு இந்த ரோடு நீளம். எங்களுக்கோ அதன் அகலம்தான் பிரச்னை. ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மறு பக்கம் என்று எத்தனையோ கிராமங்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன.

என் சின்னம்மா விக்கிரவாண்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வீடு மேற்கே, பால் சொசைட்டி கிழக்கே. காலையும் மாலையும் பால் ஊற்ற, ஒரு நாளைக்கு நாலு தடவை ரோட்டைத் தாண்டியாக வேண்டும். "முன்னெல்லாம் மாட்டையும் ஓட்டிக்கினு ஒரே நடையா போயிடுவேன்டி. இப்போ கேனைப் புடிச்சிக்கினு நின்னு நின்னு காலு மரத்துப் போவுது" என்கிறார். சுரங்கப் பாதை இல்லாமல் இல்லை. அரை கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. போக அரை, வர அரை என்றால் யார் நடப்பார்கள்? நடுத்திட்டில் செடி இல்லாத இடமாகப் பார்த்து ஏறி இறங்குகிறார்கள்.

இங்கேதான் ஒரு கணக்கு. ஒரு பக்கத்தில் இரண்டு தடம், தடத்துக்கு மூன்றரை மீட்டர். ஓரத்தையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது மீட்டர். குழந்தையைக் கையில் பிடித்துக் கொண்டு நடந்தால் எட்டொன்பது விநாடி ஆகும். 100 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடிக்குச் சுமார் 28 மீட்டர் ஓடும். அதாவது, கால் கிலோ மீட்டருக்கு அப்பால் பொட்டு மாதிரி தெரிகிற கார், நீங்கள் அந்தப் பாதியைத் தாண்டி முடிப்பதற்குள் உங்கள் மேலேயே வந்து நிற்கும். "தூரமாத்தானே வருது" என்ற நினைப்பு இந்த ரோட்டில் செல்லாது. குழந்தைகளுக்கு வேகத்தை மதிக்கவே தெரியாது. அவர்களைத் தனியாகத் தாண்ட விடாதீர்கள்.

நாம் செய்யக் கூடியவை

சுரங்கப் பாதையோ மேம்பாலமோ இருந்தால் சுற்றானாலும் அதில்தான் போவது என்று பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். நாம் போனால்தான் அவர்களும் போவார்கள். அந்தி நேரத்தில் கறுப்பு, கருநீலச் சேலை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறம் கட்டுங்கள், கையில் டார்ச் வைத்துக் கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை குழந்தைக்கும் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், 40 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 2023 முதல் சட்டம்.

விபத்தைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அடிபட்டவருக்கு உதவியவரைக் கேஸ், கோர்ட் என்று அலைய விடக் கூடாதென்று 2019-ல் சட்டத்தைத் திருத்தி விட்டார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம் என்ற தமிழக அரசுத் திட்டம், 2021 டிசம்பரில் இதே ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இது உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்பது. மயிலம் முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு தாண்டிய இடம் கூட்டேரிப்பட்டு கூட்டுரோடு. அங்கே ரோடு போட்டுப் பல வருஷம் கழித்து மேம்பாலம் கட்டினார்கள். ஆக, போட்டு முடித்த ரோட்டையும் திருத்த முடியும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மகளிர் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து போங்கள். வெறுமனே "பாலம் வேணும்" என்றால் போதாது. எந்த இடம், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எத்தனைப் பிள்ளைகள் தாண்டுகிறார்கள், விளக்கு எரிகிறதா, மழைக்குச் சுரங்கப் பாதையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒரு வாரம் பார்த்து, எண்ணி, நோட்டில் எழுதித் தீர்மானமாக்குங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டி மீட்டர் கொட்டிய மழையைக் கண்டவர்கள் நாம். தண்ணீர் நிற்கும் இடம் நம்மைவிட யாருக்குத் தெரியும்? நகல் ஒன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பால் கணக்கு, மளிகைக் கணக்கெல்லாம் தப்பில்லாமல் எழுதுகிற கை நம்முடையது. அடுத்த கிராம சபைக்குள் இந்தக் கணக்கையும் எழுதி விடுவோமா, சகோதரிகளே?