ராடெகுண்ட் ஊரின் கோயில்பிள்ளை

இறைவனின் திருவுளம் நிறைவேற வேண்டுமென்று நாள்தோறும் செபிக்கின்ற நாம், அத்திருவுளம் நம் வீட்டு வாசற்படியை மிதிக்கும்போது சற்றே தயங்கி நிற்கிறோம். அந்தத் தயக்கத்தைத் தன்னலம் என்று நாம் ஒருபோதும் அழைப்பதில்லை. குடும்பம் என்று அதற்குப் பெயர் சூட்டிவிடுகிறோம். பொய்க் கணக்கில் கையொப்பமிடும் குடும்பத் தலைவர், "எனக்காகவா செய்கிறேன்? பெண்டு பிள்ளைகளுக்காக அன்றோ!" என்கிறார். மணமகன் வீட்டார் கேட்கும் தொகையைக் கூசாமல் எண்ணி வாங்கும் தாயும் இதையே சொல்கிறாள். தன்னலம் தன் சொந்த முகத்தோடு வந்தால் அதை இனங்கண்டு கொள்வது எளிது. நம் குழந்தைகளின் முகத்தை அணிந்துகொண்டு வரும்போது என்ன செய்வது?

இதற்கு விரைந்து விடை கூறுவது நேர்மையாகாது. மனைவி மக்களைக் காப்பதும் இறைவனே நமக்கு இட்ட கடமையன்றோ? ஆகவே நாம் போதிப்பதைக் காட்டிலும், இந்தக் கேள்வியைத் தன் உயிரைக் கொடுத்து எதிர்கொண்ட ஒரு குடியானவரின் வரலாற்றை வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறோம். அவர் துறவியல்லர், குருவுமல்லர், பசுக்களும் வயலும், வயது முதிர்ந்த தாயும், மனைவியும், மூன்று சிறு பெண் குழந்தைகளும் உடைய ஓர் இல்லறத்தார்.

ஆஸ்திரியா நாட்டில், பவேரிய எல்லையை ஒட்டி ஓடும் சால்சாக் ஆற்றின் அருகே சாங்க்ட் ராடெகுண்ட் என்றொரு சிற்றூர் உள்ளது. இட்லர் பிறந்த பிரவுனாவ் நகரின் மாவட்டத்தைச் சேர்ந்ததே இவ்வூரும். இங்கே 1907-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரான்ஸ் பிறந்தார். வறுமையின் காரணமாகப் பெற்றோர் மணம் செய்துகொள்ள இயலவில்லை. தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த சிறுவனை, பின்னர் தாயை மணந்த யேகர்ஸ்டேட்டர் என்ற விவசாயி தன் மகனாக ஏற்றுத் தன் பெயரையும் நிலத்தையும் கொடுத்தார்.

இளமையில் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் புனிதர் என்று எவரும் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். இரும்புச் சுரங்கத்தில் கூலி வேலை செய்த நாட்களில் விசுவாசம் தளர்ந்து திரிந்தவர். அவ்வூரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவரே. அடிதடிக்கும் அஞ்சாதவர். மணத்திற்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானவர். அக்குழந்தையைத் தன் மகளல்ல என்று மறுக்காமல் பேணி வந்தார். இதையெல்லாம் மறைத்து எழுதுவோர் உண்டு. நாம் மறைக்க விரும்பவில்லை. ஏனெனில், தொட்டிலிலேயே புனிதராகப் பிறந்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது, "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று புத்தகத்தை மூடிவிடுவது நமக்கு மிக வசதியாக இருக்கிறது.

1936-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்கா என்ற பக்தியுள்ள பெண்ணைக் கைப்பிடித்தார். மணமான கையோடு இருவரும் உரோமைக்குத் திருப்பயணம் சென்றனர். இரவில் இருவரும் சேர்ந்து செபிப்பதும், விவிலியம் வாசிப்பதும், உழவுக்குப் போகுமுன் திருப்பலி காண்பதும் அவ்வீட்டின் வழக்கமாயின. ரோசாலியா, மரியா, அலோய்சியா என்று மூன்று பெண் குழந்தைகள் பிறந்தனர். தாம் இவ்வளவு இன்பமாக வாழ முடியும் என்று நினைத்ததே இல்லை என்று அவர் மனைவியிடம் சொன்னதுண்டாம். இதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். வாழ்வில் கசந்துபோய் சாவை நாடியவர் அல்லர் அவர்.

1938 மார்ச்சில் இட்லரின் படை ஆஸ்திரியாவினுள் புகுந்தது. ஏப்ரல் 10-ஆம் நாள், இணைப்பை மக்கள் ஏற்கிறார்களா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆஸ்திரிய ஆயர்களே ஆதரவாக வாக்களிக்குமாறு அறிக்கை விடுத்திருந்தனர். வாக்களிக்கப் போகவே வேண்டாம் என்றிருந்தார் பிரான்ஸ். அதனால் வரும் ஆபத்தை எண்ணிப் பிரான்சிஸ்கா கண்டித்தார். போனார், "வேண்டாம்" என்று வாக்களித்தார். ஊரில் அப்படி வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஊர் அதிகாரிகள் அந்த ஒற்றை வாக்கை விழுங்கிவிட்டு, அனைவரும் ஆதரித்ததாகவே மேலிடத்திற்கு எழுதினர்! அதன்பின் அவர் அந்த அரசு தந்த குழந்தைகளுக்கான உதவித் தொகையையும் வாங்கவில்லை. குடும்பத்திற்கு உரிமையாய் வரவேண்டிய பணம் அது. பெரிய தியாகங்கள் திடீரென்று ஒரு நாளில் வருவதில்லை. இப்படிச் சிறு தொகைகளில்தான் தொடங்குகின்றன போலும்.

1940-இல் படைக்கு அழைப்பு வந்தது. முதலில் சென்றார், உறுதிமொழியும் எடுத்தார், வாகனம் ஓட்டப் பயிற்சியும் பெற்றார். அந்நாட்களில்தான் பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். விவசாயத்திற்கு இன்றியமையாதவர் என்று ஊர்த்தலைவர் பரிந்து கேட்டதன்பேரில் 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். அதற்குள் அவர் போதிய அளவு பார்த்துவிட்டார். மனநோயாளிகளை அரசே கொன்றுவருவது அவர் காதுக்கு எட்டியது. தம் பங்குக் குரு கரோபாட் அடிகளார் ஆட்சிக்கு எதிராகப் பிரசங்கித்தார் என்று கைதாகி ஊரைவிட்டு அகற்றப்பட்டிருந்தார். இப்போர் அநியாயமானது, இதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்ற தெளிவு பிரான்சுக்கு வந்தது. மீண்டும் அழைத்தால் போவதில்லை என்று முடிவு செய்தார். இதற்கிடையே பங்கின் கோயில்பிள்ளையாகப் பணியேற்று, நாள்தோறும் பீடத்தருகே நின்று உதவிவந்தார்.

இங்கேதான் நாம் எழுப்பிய கேள்வி அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. தாய் அழுதார். உறவினரைத் திரட்டி வந்து புத்தி சொல்லச் செய்தார். "உன் ஆன்மாவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு எங்களைத் தெருவில் விடுகிறாயே, இது சுயநலமன்றோ?" என்ற பொருளில் ஊரார் பேசினர். நண்பர்களான குருக்களும் மனத்தை மாற்ற முயன்றனர். லின்ஸ் நகருக்குச் சென்று ஆயர் பிளீசரைச் சந்தித்தார். குடும்பத்திற்கு உமக்குள்ள பொறுப்பை எண்ணிப் பாரும், நாட்டின் போருக்கு நீர் பொறுப்பாளியல்லீர் என்பதே ஆயர் தந்த ஆலோசனை. வெளியே காத்திருந்த பிரான்சிஸ்கா, கணவர் வாட்டமுற்ற முகத்தோடு திரும்பியதைக் கண்டார். தம்மை வேவு பார்க்க வந்தவனோ என்று ஆயர் அஞ்சியிருக்கலாம் என்று பிரான்ஸ் கருதினாராம்.

அந்த ஆயரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. நாமாக இருந்தாலும் மூன்று குழந்தைகளின் தந்தைக்கு அதையேதான் சொல்லியிருப்போம், அன்பினால்தான் சொல்லியிருப்போம். ஆயினும் பிரான்ஸ் செய்ததைத் தன்னலம் என்று சொல்ல நம்மால் இயலவில்லை. தன் எண்ணமே பெரிதென்று இருப்பவன் இத்தனை பேரிடம் போய், தான் தவறோ என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். போருக்குச் சென்ற அண்டை வீட்டாரை அவர் குறை கூறவில்லை. அவர்களுக்குக் கிடைக்காத ஒளி தமக்குக் கிடைத்திருக்கும்போது அதை அணைத்துவிட முடியாது என்றே எண்ணினார். தாமாகச் சாவைத் தேடுவது பாவமாகுமோ என்றும் அஞ்சினார். பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று சொன்னால் பாவம் பாவமில்லாமல் போய்விடுமா என்பதே அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி. தந்தையையும் தாயையும் பிள்ளைகளையும்விடத் தம்மை அதிகம் நேசிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன கடினமான சொல்லை, நாம் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அவர் அவ்விடத்தில் நின்றுவிட்டார்.

பிரான்சிஸ்கா? முதலில் அவரும் கணவரைத் தடுக்க முயன்றார். பின்னர், எல்லாரும் அவரை எதிர்த்து நிற்பதைக் கண்டு, தாமும் எதிர்த்தால் அவருக்கு ஒருவருமே இல்லாமற் போய்விடும் என்று அவர் பக்கம் நின்றார். இந்த வரலாற்றில் நம்மை மிகவும் உலுக்கும் இடம் இதுவே. கணவர் எடுத்த முடிவின் விலையைச் செலுத்தப்போவது தாமே என்று அறிந்திருந்தும் அவ்வாறு நின்றார்.

1943 பெப்ருவரியில் மூன்றாவது அழைப்பு வந்தது. மார்ச் 1-ஆம் நாள் என்ஸ் நகரப் பாசறைக்குச் சென்று, போரிட மறுப்பதாகத் தெரிவித்தார். உடனே சிறை. முதலில் லின்ஸ்; மே மாதம் பெர்லினின் டேகல் சிறை. காயமுற்றோருக்குச் சேவை செய்யும் மருத்துவப் பிரிவில் பணியாற்ற ஆயத்தமாயிருப்பதாக அவர் கூறியதை நீதிமன்றம் பொருட்படுத்தவில்லை. சிறைக்கு ஒரு புகைப்படம் வந்தது. மூன்று சிறுமியரும் நிற்கிறார்கள். அப்பா விரைவில் வந்துவிட வேண்டும் என்று எழுதிய அட்டை அவர்களிடம் இருக்கிறது. அதைப் பார்த்த தந்தையின் இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எழுத நம்மிடம் சொல் இல்லை.

சூலை 6-ஆம் நாள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களில், பங்கில் பணியாற்றிய குருவுடன் பிரான்சிஸ்கா பெர்லின் வந்து கணவரைக் கடைசி முறையாகக் கண்டார். அக்குருவும் மனத்தை மாற்ற முயன்று தோற்றார். அந்த இருளில் அவருக்குக் கிடைத்த பெரும் ஆறுதல், சிறைக் குரு சொன்ன ஒரு செய்தியே. பிரான்ஸ் ரைனிஷ் என்ற பலோட்டின் சபைக் குரு, இட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து, முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தலை வெட்டுண்டு இறந்திருந்தார். ஆயரும் குருக்களும் வேண்டாமென்று சொன்ன வழியில் ஒரு குருவே தமக்குமுன் நடந்து போயிருக்கிறார் என்று அறிந்ததும், பிரான்ஸின் மனக்கலக்கம் பெரிதும் நீங்கியது.

1943 ஆகஸ்ட் 9-ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில், பிற்பகல் 4 மணிக்கு, கில்லட்டின் கத்திக்கு இரையானார். வயது 36. கையொப்பமிட்டால் உயிர் பிழைக்கலாம் என்ற பத்திரம் இறுதி நாளில் மேசைமேல் இருந்ததென்றும், அவர் அதை ஒதுக்கிவிட்டார் என்றும், உடனிருந்த குரு யோக்மான் பின்னர் தெரிவித்தார். தம் வாழ்நாளில் தாம் சந்தித்த ஒரே புனிதர் இவர் என்று அன்று மாலையே அக்குரு கன்னியர் சிலரிடம் சொன்னாராம்.

பிற்பட்ட காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வரலாறு இங்கே முடிந்துவிட்டால் அது நமக்கு எளிதாக இருந்திருக்கும். பிரான்சிஸ்காவுக்குப் போர் விதவைகளுக்குரிய உதவித்தொகை 1950 வரை மறுக்கப்பட்டது. கணவரைத் தடுக்காதவள் என்ற பழி அவர்மேல் விழுந்தது. நிலத்தை அவரே உழுது, மாமியாரையும் மூன்று மகள்களையும் காத்தார். 1946-இல் லின்ஸ் மறைமாவட்ட இதழில் பிரான்ஸின் வரலாற்றை வெளியிட முயன்றபோது ஆயர் இசையவில்லை. கடமையென்று எண்ணிப் போரிட்டு மடிந்த கத்தோலிக்க இளைஞர்களே மேலான வீரர்கள் என்று கருதினார். ஒரு மறைமாவட்ட இதழின் பக்கத்தில் இதை எழுதும்போது நமக்குச் சிறிது நாணமாகவே இருக்கிறது.

மறக்கப்பட்டிருக்க வேண்டியவர், ஓர் அமெரிக்கரால் வெளிச்சத்துக்கு வந்தார். கார்டன் சான் என்ற சமூகவியல் ஆய்வாளர் வேறோர் ஆய்வுக்காகச் செய்தி திரட்டுகையில் இவரைப் பற்றி அறிந்து, ஊருக்கே சென்று விசாரித்து, 1964-இல் நூலாக எழுதினார். அடுத்த ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில் இவ்விவசாயியின் பெயரை எடுத்துரைத்தவர் ஆயர் தாமஸ் ராபர்ட்ஸ். இவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். முன்னாளில் பம்பாய் பேராயராயிருந்து, இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர வேண்டுமென்று 1950-இல் தாமே விலகிய இயேசு சபையினர். தம் நாற்காலியை விட்டெழத் தெரிந்தவருக்கு அந்தக் குடியானவரின் மனம் புரிந்ததில் வியப்பென்ன? 1965 டிசம்பரில் வெளியான திருச்சபையும் இன்றைய உலகும் பற்றிய கொள்கைத் திரட்டின் 79-ஆம் எண், மனச்சான்றின் காரணமாய் ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடமளிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறது.

1997 மே மாதம் பெர்லின் நீதிமன்றம் அந்த மரண தண்டனையைச் செல்லாததாக்கியது. 2007 அக்டோபர் 26-ஆம் நாள், ஒருகாலத்தில் ஆயர் அவரைத் திருப்பியனுப்பிய அதே லின்ஸ் நகரின் பேராலயத்தில், அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 94 வயது பிரான்சிஸ்கா தம் மகள்களோடு அங்கே அமர்ந்திருந்தார். திருச்சபை அவருக்குக் குறித்த திருநாள் மே 21. குழந்தையாய் அவர் திருமுழுக்குப் பெற்ற நாள்.

பிரான்சிஸ்கா நூறு வயது நிறைந்து, 2013 மார்ச் 16-இல் இறைவனடி சேர்ந்தார். 1943-இல் கணவர் சிறை சென்றபோது ராடெகுண்ட் கோயிலில் கோயில்பிள்ளையின் இடம் காலியாயிற்று. உழவு வேலைக்கும் குழந்தைகளுக்கும் இடையே அந்தப் பணியையும் பிரான்சிஸ்காவே ஏற்றுக்கொண்டு, பல்லாண்டுகள் செய்துவந்தார்.